கேட்காமல் முன்னால் வரும் சாளரம்

கடவுச்சொல்லைப் பாதி தட்டியிருப்போம். எங்கிருந்தோ ஒரு சாளரம் முன்னால் வந்து குதிக்கும். மீதி எழுத்துகள் அதற்குள் போய் விழும். கடைசியாகத் தட்டிய என்டர் அதிலிருக்கும் ‘சரி’ பொத்தானை அழுத்திவிடும். எதற்குச் சரி சொன்னோம் என்று பார்ப்பதற்குள் அது மறைந்தும் போயிருக்கும். நான் முதன்முதலில் எழுதிய நினைவூட்டல் செயலி இந்தத் திருப்பணியைத்தான் செய்தது. நண்பர் ஒருவர் இரண்டே நாளில் அதை நீக்கிவிட்டார்.

விண்டோஸில் இதற்கான தடை 98, 2000 பதிப்புகளிலிருந்தே இருக்கிறது. பின்னணியில் ஓடும் செயலி, சாளரத்தை முன்னால் கொண்டுவரும் கட்டளையான செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோவை அழைத்தால், பெரும்பாலும் பணிப்பட்டையில் அதன் பொத்தான் மினுங்குவதோடு சரி. முன்னால் இருக்கும் செயலி, அது தொடங்கிவைத்த செயலி, கடைசி விசைத்தட்டலைப் பெற்ற செயலி போன்ற சிலவற்றுக்குத்தான் ஃபோகஸ், அதாவது தட்டும் விசைகளைப் பெறும் இடம், கேட்கும் உரிமை.

இந்த மறுப்பைப் பிழையென்று நினைத்துக் குறுக்குவழி தேடுவதுதான் தலையாய தவறு. அட்டாச்த்ரெட்இன்புட் கட்டளை கொண்டு முன்னால் உள்ள சாளரத்தின் த்ரெட்டோடு (அதை இயக்கும் பணியோட்டம்) நம்முடையதை ஒட்டவைப்பார்கள். உடனே இரண்டுக்கும் உள்ளீட்டு வரிசை ஒன்றாகிவிடும். அந்தச் செயலி உறைந்தால் நம்முடையதும் கூடவே உறையும். பயனரின் கடைசி உள்ளீட்டுக்குப் பின் தடை நீடிக்கும் நேரமான ஃபோர்கிரவுண்ட்லாக்டைம்அவுட் மதிப்பை 200000 மில்லிவிநாடியிலிருந்து பூஜ்ஜியமாக்குவது இன்னும் மோசம். அது நம் செயலிக்கு மட்டுமான அமைப்பு அல்ல. நமக்காகத் திறந்த கதவில் ஊரே நுழையும். ஆல்ட் விசையை அழுத்தியதுபோல் பாசாங்கு செய்யும் வித்தையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அறிவிப்பைக் காட்ட ஃபோகஸ் எதற்கு? செயலி கட்டும் சட்டகங்களில் ஃபோகஸைப் பறிக்காமல் சாளரத்தைக் காட்ட, வின்ஃபார்ம்ஸில் ஷோவித்அவுட்ஆக்டிவேஷன், டபிள்யூபிஎஃப்பில் ஷோஆக்டிவேட்டட், எலக்ட்ரானில் ஷோஇன்ஆக்டிவ் என வழிகள் உண்டு. வின்ஃபார்ம்ஸில் மட்டும் ஒரு கண்ணி: எப்போதும் மேலே நிற்கவைக்கும் டாப்மோஸ்ட் பண்பையும் சேர்த்து வைத்தால் சாளரம் மீண்டும் ஃபோகஸைப் பறிக்கும். மேலே நிற்கவேண்டுமென்றால் சாளரத்தை உருவாக்கும்போது தரும் அமைப்புகளான கிரியேட்பாராம்ஸ் வழியாக அந்தப் பாணியைக் கொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. கடிகாரத்தின் அருகே இருக்கும் சின்னத்தைச் சொடுக்கியதும் மெனு வருகிறது. வெளியே எங்கு சொடுக்கினாலும் போகமாட்டேன் என்கிறது. இங்கே பயனர்தான் அழைத்திருக்கிறார். ஆகவே மெனுவைக் காட்டும் ட்ராக்பாப்அப்மெனுவுக்கு முன் செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோவை அழைப்பதுதான் முறை.

ஏற்கெனவே ஓடும் செயலியைப் பயனர் மறுபடி திறக்கும்போதும் இதே குழப்பம்தான். முன்னால் வரும் உரிமை புதிய பிரதிக்குக் கிடைக்கிறது. சாளரமோ பழைய பிரதியிடம் இருக்கிறது. புதியது மூடிக்கொள்ளும் முன் அலோசெட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ மூலம் அந்த உரிமையைக் கைமாற்றிவிட வேண்டும். பலரும் இந்த ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் மேலே சொன்ன குறுக்குவழிகளில் போய் விழுகிறார்கள்.

நகலெடுத்தவற்றைச் சேமித்து ஒட்டும் கருவிகளில், ஃபோகஸ் பழைய சாளரத்துக்குத் திரும்பியிருக்கும் என்று நம்பி 100 மில்லிவிநாடி காத்திருந்து கன்ட்ரோல்-வி அனுப்புகிறார்கள். கணினி மெதுவாக இருந்தால் அது வேறெங்கோ ஒட்டிக்கொள்ளும். அனுப்பும் முன், எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது என்று சொல்லும் கெட்ஃபோர்கிரவுண்ட்விண்டோவால் சரிபாருங்கள். அந்தச் சாளரம் நிர்வாகி உரிமையுடன் ஓடுகிறது, நம் செயலி அப்படி ஓடவில்லை என்றால், விஸ்டா பதிப்பிலிருந்தே விண்டோஸ் இந்த விசைகளைத் தடுத்துவிடுகிறது. பிழைச்செய்திகூட வராது.