மெயிலைப் பொது டிரைவில் சேமிக்கும்போது தேதியைத் தொலைக்காதீர்கள்

விண்டோஸின் கிளாசிக் அவுட்லுக்கிலிருந்து ஒரு மெயிலை இழுத்துப் பொது டிரைவின் (அலுவலகத்தில் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சேமிப்பிடம்) ஃபோல்டரில் போட்டால் அது எம்எஸ்ஜி (அவுட்லுக்கின் சொந்த மெயில் வடிவம்) கோப்பாகப் பதிவாகும். அந்தக் கோப்புக்கு எதிரே விண்டோஸ் காட்டுவது நீங்கள் இழுத்துப் போட்ட தேதியை. மெயில் வந்த தேதியை அல்ல. மூன்று ஆண்டு மெயில்களை ஒரே மதியத்தில் மாற்றினால், எல்லாம் ஒரே நாளில் வந்தவைபோல ஃபோல்டரில் நிற்கும்.

உண்மையான தேதி அழிந்துவிடுவதில்லை. எம்எஸ்ஜி கோப்புக்குள் அனுப்பிய நேரமும் வந்துசேர்ந்த நேரமும் இருக்கின்றன. இஎம்எல் (பல மெயில் நிரல்களுக்கும் பொதுவான வடிவம்) கோப்பாக இருந்தால் ஹெடரில், அதாவது மெயிலின் தலைப்பகுதித் தகவல்களில், ‘டேட்’ வரியும், வழியிலுள்ள சர்வர்கள் சேர்த்த ‘ரிசீவ்டு’ வரிகளும் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றாகத் திறந்தால்தான் அவை தெரியும். அதனால்தான் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுத வேண்டும் என்கிறோம்.

அதையும் பலர் தவறாக எழுதுகிறார்கள். 05-03-2024 என்று தொடங்கும் பெயர்களை வரிசைப்படுத்தினால் எல்லா மாதங்களின் 5ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேரும். மார்ச் 5ஆ, மே 3ஆ என்ற சந்தேகமும் வரும். 2024-03-05_1420 என ஆண்டு, மாதம், நாள், நேரம் என்ற வரிசையில் எழுதுங்கள். நேரத்தில் முக்காற்புள்ளி வேண்டாம், விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்காது.

எந்த நேரத்தை எழுதுவது? அனுப்பிய நேரத்தை. அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே மெயிலைத் தனித்தனியாகச் சேமித்தாலும், அப்போதுதான் பெயரின் தொடக்கம் ஒத்துப்போகும். இரட்டைப் பிரதிகள் உடனே கண்ணில் படும். நூற்றுக்கணக்கான மெயில்கள் இருந்தால், ‘சென்ட்ஆன்’ (அனுப்பிய நேரம்) மதிப்பைப் படித்துப் பெயரிடும் சிறிய மேக்ரோ, அதாவது அவுட்லுக்குக்குள் ஓடும் குட்டி நிரல், போதும். ஆனால் அது தருவது அந்தக் கணினியின் உள்ளூர் நேரம். 2023 டிசம்பர் 31 இரவு 23:30 யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் போன மெயில், இரண்டு மணி நேரம் முந்தியிருக்கும் ஊரில் 2024 ஜனவரி 1 ஆகிவிடும். ஆண்டுவாரியாக ஃபோல்டர் வைத்திருந்தால் தவறான ஆண்டில் போய் விழும். பல ஊர்களில் இருப்பவர்கள் ஒரே டிரைவைப் பயன்படுத்தினால், எல்லோரும் யூடிசிக்கு மாற்றியே எழுதுங்கள். மேக்ரோவில் ‘லோக்கல்டைம்டுயூடிசி’ என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது.

பிடிஎஃப் மட்டும் வைத்துக்கொண்டு மூல மெயிலை அழிப்பதுதான் திருத்த முடியாத தவறு. பக்கத்தில் அச்சான தேதி மிஞ்சும், ஹெடர் போய்விடும். படிக்க வசதியாகப் பிடிஎஃப் வேண்டுமென்றால் மூலக் கோப்போடு சேர்த்து வையுங்கள். வேறொரு முகவரிக்கு ஃபார்வர்டு செய்து சேமிப்பதும் இதே கதைதான்: அது இன்றைய தேதியிட்ட புது மெயில். இணைப்பாக ஃபார்வர்டு செய்தால் மூலம் அப்படியே உள்ளே இருக்கும்.

கோப்பின் ‘மாடிஃபைடு’ (கடைசியாக மாற்றிய) தேதியைப் பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவி மூலம் மெயில் தேதிக்கு மாற்றிவைக்கலாம், தேட உதவும். ஆனால் யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய தேதி சான்றாகாது. ‘டேட்’ வரியும் அனுப்புநரின் பக்கத்தில் எழுதப்படுவதுதான். அங்கே கடிகாரம் தவறென்றால் அதுவும் தவறு. தகராறு வந்தால் உங்கள் சொந்த சர்வர் பதித்த, மேலே இருக்கும் ‘ரிசீவ்டு’ வரியைப் பாருங்கள்.

டிரைவையே வேறிடத்துக்கு மாற்றும்போது, சாதாரணக் காப்பியில் ‘மாடிஃபைடு’ தேதி தங்கும், ‘கிரியேட்டடு’ (உருவாக்கிய) தேதி புதிதாகும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை, கோப்புகளின் தேதிகளைக் காப்பாற்றும். ஃபோல்டர் தேதிகளுக்கு அந்தக் கட்டளையோடு சேர்க்கும் ‘டிகாப்பி’ ஸ்விட்சில் ‘டிஏடி’ (/DCOPY:DAT) கொடுக்க வேண்டும்.

கடைசியாக, நீளம். டிரைவ், ஃபோல்டர்கள், கோப்புப் பெயர் எல்லாம் சேர்ந்த பாதை முழுவதும் 260 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பில் பல நிரல்கள் இன்னும் தடுக்கி விழுகின்றன. நீளும் மெயில் தலைப்பைச் சுருக்கி, பெயரை 80 எழுத்துக்குள் வையுங்கள். தேதி முன்னால் இருப்பதால், வெட்டினாலும் அது தப்பும்.