கலக்கம் சூழும் வேளையில் ஒரு விசுவாசி செய்யக்கூடியவை

பதற்றத்தால் அவதிப்படும் கிறிஸ்தவர்கள் பலரை அந்தப் பதற்றத்தைவிட அதிகமாக வாட்டுவது, தங்களுக்கு விசுவாசம் போதவில்லையோ என்ற குற்றவுணர்வுதான். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற பிலிப்பியர் 4:6 வசனத்தைச் சபையார் எடுத்துச் சொல்லும்போது, அது ஆறுதலாக அல்லாமல் கண்டனமாகவே அவர்கள் காதில் விழுகிறது. ஆனால் அந்த வரியைக் காவலில் கட்டுண்டிருந்தபோது எழுதிய பவுல்தான், மக்கெதோனியாவில் தாம் பட்ட பாட்டைச் சொல்லும் இடத்தில் "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று ஒளிக்காமல் எழுதுகிறார். கெத்செமனேயில் இயேசுவே தம்முடைய ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருப்பதாகச் சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். ஆகவே பயம் வந்ததையே ஒரு பாவமாக எண்ணி, ஒவ்வொரு நாளும் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்துங்கள்.

நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை வியர்க்கும் நேரத்தில் நீண்ட ஜெபம் செய்ய முயல வேண்டாம். அட்ரினலின் பாய்ந்து உடல் தப்பியோடத் தயாராகும் அந்த வேளையில் சிந்தனை ஒரு நிலையில் நிற்காது. பாதங்கள் இரண்டும் தரையில் படும்படி உட்கார்ந்து, நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். சங்கீதம் 56:3 இதற்குப் பொருத்தமாக இரண்டாகப் பிரிகிறது: மூச்சை இழுக்கையில் மனதுக்குள் "நான் பயப்படுகிற நாளில்", விடுகையில் "உம்மை நம்புவேன்". இத்தகைய பதற்றத் தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியத் தொடங்கும் என்பதை அறிந்திருப்பதே பாதி தைரியம். ஆனால் நெஞ்சுவலி முதன்முறையாக வந்திருந்தால் பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டாமல், உடனே மருத்துவமனைக்குச் சென்று இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஆவிக்குரிய காரியங்களுக்குக் கீழானவையாக நினைக்க வேண்டாம். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை; தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, சாப்பிடச் சொல்லி, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபிலே கர்த்தர் எலியாவோடு பேசியது அதற்குப் பிறகுதான். பல இரவுகளாகத் தூக்கமில்லாத ஒருவர் அந்நிலையில் உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் மேற்கொள்வது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து.

உடல் சற்று அமைதியடைந்ததும் ஒரு நோட்டை எடுத்து, சங்கீதம் 13 செல்லும் வழியிலேயே எழுதுங்கள். ஆறே வசனங்கள் கொண்ட அந்தச் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் முறையீட்டில் தொடங்கி, விண்ணப்பத்துக்குச் சென்று, நம்பிக்கையில் முடிகிறது. முறையீட்டை மழுப்பாமல் எழுத வேண்டும். "ஆண்டவரே, மனது பாரமாயிருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "ஆண்டவரே, மகன் இன்னும் எத்தனை மாதம் வேலையில்லாமல் இருப்பான்? 5-ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை வருகிறது, போன் அடித்தாலே வங்கியிலிருந்தோ என்று வயிற்றைக் கலக்குகிறது" என்று எழுதுங்கள். அதன்பின் கேட்க வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்: "நாளைக்கு மேலாளரிடம் பேசி அவகாசம் கேட்க எனக்குத் தைரியம் தாரும்." முறையீடு எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு விண்ணப்பமும் தெளிவாகும், மறுநாள் நாம் செய்யக்கூடியது எது, ஆண்டவர் கையில் விட வேண்டியது எது என்பதும் அந்தப் பக்கத்திலேயே பிரிந்து தெரியும். நம்பிக்கையின் வரி வராவிட்டால் அதை வலிந்து எழுத வேண்டியதில்லை. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதையும் வேதாகமம் ஜெபமாகவே காத்து வைத்திருக்கிறது. ஸ்தோத்திரம் என்பதும் துன்பத்துக்காக நன்றி சொல்வதல்ல. அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் போதும்.

பிறகு ஒருவரிடமாவது சொல்லுங்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போடுவதைவிட, கேட்டதை வெளியே சொல்லாத ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுப்பது மேல். என்ன வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம்: "அக்கா, ராத்திரியில தூக்கமே வர்றதில்ல. அறிவுரை எதுவும் வேண்டாம், கொஞ்ச நேரம் பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்ணுங்க."

பதற்றமோ துக்கமோ பெரும்பாலான நாட்களில் நீடித்து, வேலையையும் தூக்கத்தையும் இரண்டு வாரங்களுக்கு மேல் குலைத்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பதும்கூட இதே படபடப்பைத் தரக்கூடும். பவுலின் உடனூழியரான லூக்கா வைத்தியர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பாகாயத்தில் மனநலத்துக்கென்றே ஒரு மையத்தை நடத்துகிறது. எனவே மனநல மருத்துவரைப் பார்ப்பதை விசுவாசத்துக்கு முரணாகக் கருத இடமில்லை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வழக்கமாகத் தரப்படும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். சுகமளிக்கும் கூட்டத்தில் யாரேனும் சொன்னார்கள் என்று அவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது, அளவைக் குறைக்க வேண்டியவர் மருத்துவரே. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், போதகரைச் சந்திக்க ஞாயிற்றுக்கிழமைவரை காத்திராமல், வீட்டிலுள்ள ஒருவரை அப்போதே எழுப்பி உடன் இருக்கச் சொல்லி, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இந்திய அரசின் இந்த இலவசச் சேவை இரவிலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.