ஊட்டி குளிர்ல ரோபோ கிட்: பெயிண்ட் வெளுத்துப் போகாம முடிக்கிற வழி

நீலகிரில உக்காந்து குண்டம்ங்கிற ஜப்பான் அனிமே ரோபோ, ஸ்பேஸ்ஷிப்னு பிளாஸ்டிக் பார்ட்டை வெட்டி சேத்து மாடல் கிட் பண்றவங்க அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. வீடியோல காட்டுற மாதிரியேதான் ஸ்ப்ரே பண்ணேன், காஞ்சதும் கறுப்பு பெயிண்ட் மேல வெள்ளையா மங்கிப்போச்சு, ஏன்? எல்லாம் நம்ம காத்துல இருக்கிற ஈரம்தாங்க. லாக்கர்ங்கிற சட்டுனு காயுற வகை பெயிண்ட்ல இருக்கிற தின்னர் (பெயிண்டைக் கரைக்கிற திரவம்) வேகமா ஆவியாகும்போது பிளாஸ்டிக்கோட மேல்பரப்பு சட்டுனு குளிர்ந்துடும், கையில சானிடைசர் ஊத்தினா ஜில்லுனு இருக்குமே அதே கதை, அந்த குளிர்ந்த இடத்துல காத்துல உள்ள ஈரம் வந்து படிஞ்சு பெயிண்டுக்குள்ளயே மாட்டிக்கும். சென்னைலயும் மழை நாள்ல இது நடக்கும், ஆனா 2,200 மீட்டருக்கு மேல இருக்கிற ஊட்டில அறையே குளிரா இருக்கு, மதியத்துக்கு மேல மிஸ்ட் வேற ஜன்னல் வழியா உள்ள வந்துடுது.

அதனால கிட்டை வருஷத்தோட மழைக்கணக்கை பாத்து பிரிச்சு பண்ணணும், இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் முதல்ல சொல்லுவேன். கூடலூர், ஊட்டி பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர் நவம்பர் மழைதான் பெருசு. இந்த மாசமெல்லாம் வெட்டுறது, தேய்க்கிறது, ஒட்டுறது. ஸ்ப்ரே வேலைய மொத்தமா சேத்து வெச்சு பிப்ரவரி, மார்ச்ல வெயில் அடிக்கிற நாளா பாத்து முடிங்க. ஜனவரிலயும் பண்ணலாம், ஆனா ஊட்டில காலைல உறைபனி கொட்டிக் கிடக்கும், அது முழுசா காஞ்சு காலைல பதினோரு மணிக்கு மேல ஆரம்பிச்சு ரெண்டு மணிக்குள்ள முடிச்சுடணும்.

முதல் கிட்டுன்னா பண்டாய்ங்கிற ஜப்பான் கம்பெனியோட எச்ஜி (ஹை கிரேடு) 1/144 எடுங்க, அதாவது நிஜ அளவுல 144ல ஒரு பங்கு. 1980ல முதல் குண்டம் கிட் வந்ததும் இந்த ஸ்கேல்லதான், கதைல 18 மீட்டர் இருக்கிற ரோபோ உங்க மேஜைல பன்னெண்டரை சென்டிமீட்டர்ல நிக்கும். பசை இல்லாமலே மாட்டிக்கலாம், பிளாஸ்டிக்லயே கலர் இருக்கும், அதனால பெயிண்ட் அடிக்கிற சீசன் வர்ற வரைக்கும் அப்படியே நிறுத்தி வெச்சு ரசிக்கலாம். 1/100 எம்ஜி (மாஸ்டர் கிரேடு), 1/60 பிஜி (பெர்ஃபெக்ட் கிரேடு) மாதிரி பெரிய கிட்டெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்.

பார்ட்டெல்லாம் கோத்து வர்ற பிளாஸ்டிக் சட்டத்துல இருந்து பார்ட்டை எடுக்கும்போது ஒரே வெட்டுல எடுக்காதீங்க. முதல் வெட்டு தள்ளி, ரெண்டாவது வெட்டு கிட்டத்துல, மிச்சம் இருக்கிற மேட்டை கத்தியால மெல்ல சீவிட்டு 400, 600, 1000னு உப்புத்தாள் மாத்தி தேய்ங்க. தண்ணி தொட்டு தேய்ச்சா தூசி பறக்காது, குளிருக்கு ஜன்னலை சாத்திட்டு உக்காந்திருக்கும்போது அது ரொம்ப முக்கியம்.

பசைல ஒரு விஷயம். சூப்பர் க்ளூ காத்துல உள்ள ஈரத்தை எடுத்துதான் இறுகும், அதோட ஆவி பக்கத்துல படிஞ்சு வெள்ளைப் புகை மாதிரி கறை விடும். காக்பிட் கண்ணாடி, ஹெட்லைட் மாதிரி டிரான்ஸ்பரன்ட் பார்ட் பக்கமே அதை கொண்டு போகாதீங்க, அதுக்கு வெள்ளை ஃபெவிகால் போதும், காஞ்சா கண்ணாடியாயிடும். மத்த ஸ்டைரின் பிளாஸ்டிக் பார்ட்டுக்கு தமியா எக்ஸ்ட்ரா தின்ங்கிற பசை, ரெண்டு பார்ட்டையும் சேத்துப் பிடிச்சு இடுக்குல பிரஷ்ஷால தொட்டா தானா உள்ள ஓடும், பிளாஸ்டிக்கை உருக்கி ஒண்ணாக்கிடும்.

இப்ப ஸ்ப்ரே. ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு வாங்கி மேஜை மேல வெச்சுக்கோங்க, 70 சதவீதத்துக்கு மேல காட்டினா டப்பாவை தொடாதீங்க, வெளிய வெயில் அடிச்சாலும் மீட்டர் சொல்றதுதான் கணக்கு. பார்ட், பெயிண்ட் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னாடியே அதே அறைக்கு வந்துடணும், குளிர்ந்த பால்கனில இருந்து எடுத்து நேரா சூடான அறைல அடிச்சா பார்ட் மேல வேர்த்துடும். ஸ்ப்ரே கேன் குளிர்ல பிரஷர் இறங்கி சொட்டு சொட்டா துப்பும், அதுக்கு 40 டிகிரி தாண்டாத வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வெச்சு துடைச்சுட்டு நல்லா குலுக்குங்க. அடுப்பு மேலயோ கொதிக்கிற தண்ணிலயோ வெச்சா வெடிக்கும், விளையாடாதீங்க.

ஏர்பிரஷ் (கம்ப்ரஸர் காத்துல பெயிண்டைத் தூவுற பேனா மாதிரி கருவி) இருந்தா, கம்ப்ரஸர்ல தண்ணியைப் பிடிச்சு வெக்கிற வாட்டர் ட்ராப் இல்லாம இந்த ஊர்ல வேலையே ஆகாது, காத்தை அழுத்தும்போது அதுல உள்ள தண்ணி பிரிஞ்சு குழாய் வழியா வந்து நேரா பார்ட் மேல தெறிக்கும். லாக்கருக்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போடுங்க, அதுல ரிடார்டர் இருக்கு, மெதுவா ஆவியாகும், வெளுப்பு குறையும். ஏற்கனவே வெளுத்துப் போயிருந்தா உரிச்சு எறிய வேண்டாம், காஞ்ச நாள்ல அதே தின்னரை ரொம்ப மெல்லிசா மேல அடிங்க, பெரும்பாலும் தெளிஞ்சுடும்.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், குளிருதுன்னு அறைக்குள்ள கணப்போ காயில் ஹீட்டரோ வெச்சுக்கிட்டு தின்னர் பாட்டிலை திறக்காதீங்க. அந்த ஆவி தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்து இருக்கணும், ஸ்வெட்டர் போட்டுக்கோங்க, மூஞ்சில ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் இருக்கிற மாஸ்க், துணி மாஸ்க் எதையும் தடுக்காது.

கலர் காஞ்சதும் பளபளப்பான கிளாஸ் (gloss) கோட் ஒண்ணு, அதுக்கு மேல டீக்கால் (எழுத்து, குறி இருக்கிற மெல்லிசான ஸ்டிக்கர்), சொரசொரப்பு மேல நேரா ஒட்டினா அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மின்னும். பேனல் லைன், அதாவது பார்ட் மேல இருக்கிற கோட்டுப் பள்ளத்துல போடுற எனாமல் கலர், ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூட்டுக்குள்ள இறங்கினா பிளாஸ்டிக் விரிசல் விடும், கொஞ்சமா தொட்டு உடனே துடைங்க.

நிஜமா ஓடின வண்டி மாதிரி தெரிய அழுக்கு ஏத்துற வேலைக்கு நம்ம ஊர்ல இருக்கிற மாதிரி பாடம் எங்கயும் கிடைக்காது. குன்னூர் ஸ்டேஷன்ல நம்ம மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ் ஸ்டீம் இன்ஜின் நிக்கும்போது போய் பத்து நிமிஷம் பாருங்க, கல்லாறுல இருந்து பல்சக்கரம் வெச்சு மேல ஏறி வந்த வண்டி அது. பிஸ்டன் பக்கம் கிரீஸ் எப்படி கறுத்திருக்கு, நீராவி கசியுற இடத்துல கோடு எப்படி இறங்குது, ஏறுற படில மட்டும் பெயிண்ட் தேஞ்சிருக்கு, மத்த இடத்துல இல்ல. ரோபோவோட முழங்கால் மூட்டுக்கும் ராக்கெட் புகைவாய்க்கும் அதையே வைங்க, இஷ்டத்துக்கு துரு பூசினதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியும். 1977ல வந்த ஸ்டார் வார்ஸ் கப்பலுக்கும் டாங்கி, விமானம்னு நிஜ வண்டிகளோட கிட்டுல இருந்துதான் பார்ட் எடுத்து ஒட்டினாங்க.

கடைசியா பளபளப்பை அடக்குற மேட் கோட், அதுவும் ஈரத்துல வெளுக்கும், அதே மீட்டர் கணக்குதான். மிச்சமான டீக்கால் ஷீட்டை சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட ஜிப் கவர்ல போட்டு பீரோல வைங்க, வெளிய கிடந்தா ஒரு மழைக்காலம் தாங்காது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பூஞ்சை பிடிச்சுடும்.