ஃபைபர் அறுந்தால் 4ஜி: வீட்டு ரூட்டரில் இரண்டு இணைப்பு அமைப்பது எப்படி?

ஐப்பசி மழை தொடங்கினால் பாளையங்கோட்டைப் பக்கம் கம்பத்தில் தொங்கும் ஃபைபர் எப்போது அறும் என்று சொல்ல முடியாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டாவது பாதை கட்டாயம் வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறந்த மென்பொருள்) போட்ட ரூட்டரும், அதில் பல இணைய இணைப்புகளை நிர்வகிக்கும் எம்வான்3 தொகுப்பும் போதும். ரூட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 100 எம்பிபிஎஸ் ஃபைபரும் 20 எம்பிபிஎஸ் 4ஜியும் சேர்ந்தால் ஒரு கோப்பு 120 வேகத்தில் இறங்காது. எம்வான்3 பங்கிடுவது இணைப்புகளை, பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) அல்ல. தாமிரபரணியின் மருதூர் அணைக்கட்டில் மேலக்கால் வாய்க்காலுக்குள் போன தண்ணீர் கீழக்கால் வாய்க்காலில் வராது, அதே மாதிரிதான். ஒரே இணைப்பை இரண்டிலும் பிரித்து விட எம்பிடிசிபி என்ற பல பாதை நெறிமுறை வேண்டும். அது எதிர்முனையிலும் இருக்க வேண்டும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

சிம் வாங்கும்போது ஃபைபர் தரும் நிறுவனத்திடமே வாங்காதீர்கள். ஒரே முதன்மைக் கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அடுத்து ஐபி முகவரி. ஓபன்டபிள்யூஆர்டி தானாக எடுத்துக்கொள்வது 192.168.1.1. ஃபைபர் மோடங்கள் பலவற்றுக்கும் அதே முகவரிதான். மோதினால் எதுவும் ஓடாது. ரூட்டரை 192.168.10.1 என்று மாற்றிவிடுங்கள். மோடமும் 4ஜி கருவியும் கூட ஒரே முகவரி வரிசையில் இருக்கக் கூடாது. பிறகு ரூட்டரில் இரண்டு இன்டர்ஃபேஸ்களுக்கும் (இணைய வாயில்களுக்கும்) வேறு வேறு மெட்ரிக், அதாவது முன்னுரிமை எண், கொடுங்கள்: ஃபைபருக்கு 10, 4ஜிக்கு 20.

பெரும்பாலானவர்கள் சிக்குவது அடுத்த படியில், அதாவது பாதை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிராக்கிங்கில். தெருமுனையில் ஃபைபர் அறுந்தாலும் வீட்டு மோடம் யுபிஎஸ்ஸில் எரிந்துகொண்டேதான் இருக்கும். டிராக் ஐபியாக (சோதிக்கும் முகவரியாக) மோடத்தின் முகவரியைக் கொடுத்திருந்தால், 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங்குக்கு அது பதில் சொல்லும். எம்வான்3யும் ஃபைபர் நலம் என்றே நம்பும். வெளியே இருக்கும் முகவரிகளைத்தான் கொடுக்க வேண்டும்: 1.1.1.1, 8.8.8.8. இரண்டில் ஒன்று பதில் சொன்னாலே போதும் என்று ரிலையபிலிட்டியை 1 ஆக வையுங்கள். சோதனை இடைவெளி 5 நொடி, டவுன் (தொடர்ந்து பதில் வராத முறை) 3 என்றால் ஏறத்தாழ 15 நொடியில் 4ஜிக்கு மாறும். இதைவிடக் குறைத்தால் ஃபைபர் லேசாகத் திணறும்போதெல்லாம் பாதை மாறிக்கொண்டே இருக்கும். அமைத்து முடித்ததும் மோடத்தின் மின்சாரத்தை நிறுத்திச் சோதிக்காதீர்கள்; மோடத்தை எரியவிட்டு ஃபைபர் வயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். உண்மையில் அறுவது அதுதான்.

எந்தப் பாதைக்கு முன்னுரிமை என்று சொல்லும் எம்வான்3 பாலிசியில் ஃபைபர் உறுப்புக்கு (மெம்பருக்கு) மெட்ரிக் 1, 4ஜிக்கு 2. எண் சிறியது உயிரோடு இருக்கும்வரை மற்றது சும்மா நிற்கும். இரண்டுக்கும் ஒரே மெட்ரிக் கொடுத்து, வெயிட் (பங்கு விகிதம்) ஃபைபருக்கு 5, 4ஜிக்கு 1 என்று பங்கிடவும் முடியும். ஆனால் வங்கித் தளங்கள் நடுவில் ஐபி மாறினால் வெளியே தள்ளிவிடும். சிம்மின் தினசரி டேட்டாவும் மதியத்துக்குள் தீரும். என் கருத்தில் ஒன்று போனால் மட்டும் மற்றதற்கு மாறும் ஃபெயிலோவர்தான் சரி. பங்கிட்டே ஆக வேண்டுமென்றால் டவுன்லோடு செய்யும் ஒரு கணினிக்கு மட்டும் தனி ரூல் (விதி) எழுதுங்கள். ரூல்கள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். அதை மேலே வையுங்கள்.

வேகம் தடுமாறாமல் இருக்க எஸ்க்யூஎம், அதாவது இணைப்பில் நெரிசலைக் கட்டுப்படுத்தும் தொகுப்பு. அதில் கேக் என்ற வரிசைப்படுத்தும் முறையையே எடுங்கள். ஃபைபரின் அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை இரு திசைக்கும் கொடுங்கள். யாராவது வீடியோ ஏற்றும்போதும் ஜூம் குரல் உடையாது. 4ஜியின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும், அதற்குப் போட வேண்டாம்.

பின்சேர்க்கை: ஃபைபர் போனதும் ஓடிக்கொண்டிருந்த இணைய அழைப்பு மட்டும் அப்படியே உறைந்து நிற்கிறது என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பழைய இணைப்புகள் செத்த பாதையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபைபர் இன்டர்ஃபேஸில் ஃப்ளஷ் கன்ட்ராக் (பழைய இணைப்புப் பதிவுகளை அழித்தல்) என்ற இடத்தில் 'டிஸ்கனெக்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அழைப்பு அறும்; ஆனால் உடனே திரும்ப அழைக்கலாம்.

இன்னொன்று, சிசிடிவி. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் கேமராவுக்குத் திருப்பி விடுவது) மூலம் வெளியூரிலிருந்து கேமரா பார்ப்பவர்களுக்கு 4ஜியில் அது வராது. பல சந்தாதாரர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்வதால் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் வீட்டை எட்டாது. ரூட்டரில் வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டு, பொது ஐபி உள்ள ஒரு சிறு விபிஎஸ்ஸோடு (வாடகை சர்வரோடு) இணைத்துவிட்டால் எந்தப் பாதையிலும் கேமரா தெரியும்.