எல்.இ.டி. பல்பு மாட்டியதும் இண்டிகேட்டர் தாறுமாறாக அடிக்கிறதா? பைக்குக்கான எளிய சரிசெய்முறை

பைக் இண்டிகேட்டரில் பழைய பல்பைக் கழற்றி எல்.இ.டி. போட்ட கையோடு பலருக்கும் தொல்லை தொடங்கிவிடும். ஸ்விட்சைத் தள்ளினால் நிதானமாக அடிக்க வேண்டியது படபடவென்று அடிக்கும். சில வண்டிகளில் அணையாமல் நின்றே எரியும். இன்னும் சிலவற்றில் இடப்பக்கம் போட்டால் வலப்பக்கமும் சேர்ந்து எரியும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் திரும்பும்போது, பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்றே தெரியாது.

உடனே வேறு பல்பு வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் குறை பல்பில் இருக்காது.

காரணம் என்ன?

இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைப்பது ஃபிளாஷர் ரிலே. பைக்குகளில் பொதுவாக ஒரு பக்கத்துக்கு 10 வாட் பல்பு இரண்டு. 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து சுமார் 1.7 ஆம்பியர் இழுக்கும். பழைய ரிலே அந்தச் சுமையை நம்பித்தான் வேலை செய்கிறது. எல்.இ.டி. இழுப்பதோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சில ரிலேக்கள் இதைப் பார்த்து ‘ஒரு பல்பு பியூஸ் போய்விட்டது’ என்று எடுத்துக்கொண்டு, உங்களை எச்சரிக்க வேகமாக அடிக்கும். சூட்டில் இயங்கும் பழைய வகைக்கு அந்தச் சொற்ப மின்சாரத்தில் சூடே ஏறாது. அதனால் விளக்கு நின்று எரியும்.

படி 1: பழைய பல்பை வைத்துச் சோதியுங்கள்

சாவியை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பழைய பல்பு இரண்டையும் திரும்ப மாட்டுங்கள். அந்தப் பக்கம் ஒழுங்காக அடித்தால் சுமைதான் பிரச்சினை. எர்த்தையும் (படி 2) ஒருமுறை பார்த்துவிட்டுப் படி 3-க்குப் போகலாம். பழைய பல்பிலும் கோளாறு தொடர்ந்தால் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும்.

படி 2: எர்த்

எர்த் என்றால் விளக்கிலிருந்து மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி. நம்ம குமரி மாவட்டத்தில் இதைப் பார்க்காமல் தாண்டிப் போகக் கூடாது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று ஓயாது. போதாததற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே நனைக்கும். ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள்.

அதன்பிறகும் ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? ஒரு ஒயரை எடுத்து ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை அந்த ஹோல்டரின் எர்த்திலும் வைத்து இண்டிகேட்டரைப் போடுங்கள். இப்போது எரிந்தால் எர்த் ஒயர்தான் போயிருக்கிறது. அப்படியும் எரியாவிட்டால், அது சொருகுகிற வகை எல்.இ.டி.யாக இருந்தால் கழற்றித் திருப்பிச் சொருகுங்கள். பழைய பல்புக்கு பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு.

படி 3: ரிலேயை மாற்றுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி. ரிலே பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலோ, பக்கவாட்டு மூடிக்குள்ளோ, ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ இருக்கும். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு டிக் டிக் சத்தம் வரும் இடத்தைக் கையால் தடவினால் சிக்கிவிடும்.

பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். ‘எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர்’ என்று கேளுங்கள். சிலவற்றின் மேல் 0.02 ஆம்பியர் முதல் 20 ஆம்பியர் வரை என்று அச்சிட்டிருக்கும். கீழ் எண் இவ்வளவு சிறியதாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

மூன்று பின் உள்ள ரிலேயில் ‘பி’ பேட்டரிக்கு, ‘எல்’ இண்டிகேட்டர் ஸ்விட்சுக்கு, ‘இ’ எர்த்துக்கு. பழையது இரண்டு பின் என்றால் எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்து வண்டிச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் இறுக்குங்கள். பெயிண்ட் மேல் இறுக்கினால் எர்த் கிடைக்காது. சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

சில ரிலேயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சிறு திருகு இருக்கும். நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல், 120-க்கு மேல் போகாமல் அடிக்க வேண்டும். 80, 90 கண்ணுக்கு இதமாக இருக்கும். கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி வைப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

படி 4: நான்கும் சேர்ந்து எரிந்தால்

மீட்டரில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே இண்டிகேட்டர் விளக்கு இருக்கும் வண்டிகளில்தான் பெரும்பாலும் இது வரும். அந்தச் சிறு பல்பின் ஒரு ஒயர் இடப்பக்கத்திலும் மற்றது வலப்பக்கத்திலும் சேர்ந்திருக்கும். அதன் வழியாக எதிர்ப்பக்கத்துக்குக் கசியும் மின்சாரம் பழைய பல்பை எரிக்கப் போதாது. எல்.இ.டி.யை எரிக்க அதுவே தாராளம்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இரண்டு வாங்குங்கள். மீட்டர் பல்புக்கு வரும் இரண்டு ஒயரிலும் ஆளுக்கொன்றாக, வெள்ளிக் கோடு போட்ட முனை பல்பைப் பார்க்கும்படி சேர்த்துப் பற்றவையுங்கள். கோடு போட்ட இரண்டு முனைகளையும் ஒன்றாக்கி பல்பின் ஒரு காலில் கொடுங்கள். மறு காலை எர்த்தில் இணையுங்கள். இணைப்புகளை ஸ்லீவ் போட்டு மூடுங்கள். வெறும் டேப் நம்ம ஊர் மழைக்குத் தாங்காது.

ரெசிஸ்டர் போடலாமா?

பழைய பல்பு இழுத்த அளவு மின்சாரத்தைத் தானும் இழுத்து, ரிலேயை ஏமாற்றும் பாகம்தான் ரெசிஸ்டர். போடலாம், வேறு வழியில்லாதபோது. ஒவ்வொரு எல்.இ.டி.யோடும் இணையாக, சிக்னல் ஒயரில் ஒரு கால், எர்த்தில் ஒரு கால். 10 வாட் பல்புக்குப் பதிலாக 15 ஓம், 25 வாட் ரெசிஸ்டர்; காரின் 21 வாட் பல்புக்குப் பதிலாக 6 ஓம், 50 வாட். தொட்டால் கை பொசுங்கும் அளவுக்குச் சூடாகும் என்பதால் இரும்புச் சட்டத்தில்தான் பிடிக்க வேண்டும், பிளாஸ்டிக் பக்கமே போகக் கூடாது. மிச்சம் பிடித்த மின்சாரத்தையெல்லாம் சூடாக்கித் தீர்க்கும் வேலை இது. இருந்தாலும் புதிய கார்கள் பலவற்றில் தனி ஃபிளாஷர் ரிலே இல்லாமல் கம்ப்யூட்டரே அந்த வேலையைப் பார்ப்பதால் அங்கே இதைத் தவிர்ப்பது கடினம். அந்தக் கார்களில் ஒயரை வெட்டுமுன் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, பின்னாலும் பக்கவாட்டிலும் பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். மலிவான எல்.இ.டி. பல நேராகப் பார்த்தால் மட்டுமே தெரியும். இண்டிகேட்டர் கண்ணாடி வெள்ளை என்றால் உள்ளே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிற எல்.இ.டி.தான் இருக்க வேண்டும். வெயிலில் தெரியவில்லையென்றால் பழைய பல்பையே திரும்பப் போடுங்கள். புது ரிலே அதையும் சரியாகவே அடிக்கும்.