கோப்பின் பெயரை மாற்றினால் கிட் எப்படிக் கண்டுபிடிக்கும்?

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட். கிளிநொச்சியில் ஒருவர் 'குளம்' என்ற கோப்பை 'நீர்மட்டம்' என மாற்றுகிறார். அதே கிழமை வவுனியாவில் இருப்பவர் பழைய 'குளம்' கோப்பில் இரணைமடுக் கணக்கைத் திருத்துகிறார். இருவரின் மாற்றங்களையும் ஒன்றாக இணைத்தால், அதாவது மேர்ஜ் செய்தால், திருத்தம் எங்கே போகும்?

பெயர் மாறியதை கிட் எழுதி வைப்பதில்லை. பெயர் மாற்றும் 'கிட் எம்வி' கட்டளையைப் போட்டாலும் அப்படித்தான். அது பழையதை நீக்கிப் புதியதைச் சேர்க்கும் குறுக்குவழி. (கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்குரியல் பதிந்து வைக்கும்.) ஒப்பிடும்போதுதான் நீங்கிய கோப்பையும் புதிதாய் வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. உள்ளடக்கம் 50% ஒத்தால் பெயர்மாற்றம் என்று கொள்ளும். அப்போது வவுனியாத் திருத்தம் தானாகவே 'நீர்மட்டம்' கோப்புக்குள் போய்ச் சேரும்.

சிக்கல் வருவது மேர்ஜுக்கு முன் பெயரோடு உள்ளடக்கத்தையும் அதிகம் மாற்றிவிடும்போது. இருபது வரிக் கோப்பில் பன்னிரண்டை மாற்றினால் ஒப்புமை 50%க்குக் கீழே இறங்கக்கூடும். அப்போது 'மொடிஃபை/டிலீட்' (ஒரு பக்கம் திருத்தியது, மறுபக்கம் நீக்கியது) என்று மோதல் காட்டும். அந்த அவசரத்தில் பழைய கோப்பை அழித்துவிட்டால் வவுனியாத் திருத்தமும் அதோடு போய்விடும்.

அப்படி வந்தால் முதலில் 'கிட் மேர்ஜ் --அபோர்ட்' போட்டு அந்த மேர்ஜைக் கைவிடுங்கள். பிறகு ஒப்புமை வரம்பைக் குறைக்க '-எக்ஸ் ஃபைண்ட்-ரினேம்ஸ்=40%' சேர்த்து மறுபடி மேர்ஜ் செய்யுங்கள். மிகவும் குறைத்தால் தொடர்பில்லாத கோப்புகளையும் சோடி சேர்த்துவிடும், கவனம்.

இதைவிட நல்லது, பெயரை மட்டும் மாற்றித் தனிக் கொமிட் (ஒரு பதிவு) போட்டு, உள்ளடக்கத்தை மாற்றுமுன் அதை மேர்ஜ் செய்வது. கொமிட் போட்டதும் 'கிட் டிஃப் --நேம்-ஸ்டேட்டஸ் -எம் ஹெட்~1' கொடுத்தால் 'ஆர்100' (பெயர்மாற்றம், 100% ஒப்புமை) என்று வரவேண்டும். 'ஆர்062' என்று வந்தால் ஏதோ வரிகளும் சேர்ந்து மாறியிருக்கின்றன. பழைய வரலாற்றைப் பார்க்க 'கிட் லொக் --ஃபொலோ'. ஒரு கோப்புக்கு மட்டுமே வேலை செய்யும்.