எவல்யூஷன்: சொல்லை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெதுவாக நடக்கும் எந்த மாற்றத்தையும் சொல்ல 'எவல்யூஷன்' (பரிணாமம்) என்ற ஆங்கிலச் சொல் இன்று சட்டென்று வாயில் வந்துவிடுகிறது. மொழியின் எவல்யூஷன், கேமராவின் எவல்யூஷன், ஒரு பந்துவீச்சாளரின் எவல்யூஷன் என்றெல்லாம் பேசுகிறோம். பேசலாம், அகராதிகளும் அந்தப் பொதுப் பொருளை ஏற்கின்றன. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதைக் குறிக்கிறது என்று விளக்கப் புகும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதை விளக்கிய டார்வின் படைத்த சொல் அது என்று எழுதாதீர்கள். டார்வின் பிறந்தது 1809-இல். சொல்லோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் புழங்கியது. படைகளும் கப்பல்களும் அணி மாறி நகர்வதையும் அன்று அப்படிச் சொன்னார்கள். 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் பதிப்பில் 'எவல்யூஷன்' ஓரிடத்தில்கூட இல்லை. 'மாற்றங்களோடு கூடிய வழித்தோன்றல்' என்ற பொருள் தரும் தொடரையே டார்வின் விரும்பினார். அந்த நூலின் கடைசிச் சொல் மட்டும் அதே வேரிலிருந்து வந்த வினை. பெயர்ச்சொல்லை 1871-இல் மனிதனின் வழித்தோன்றல் பற்றி எழுதிய நூலிலும், 1872-இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' ஆறாம் பதிப்பிலும்தான் பார்க்கிறோம். அதைப் பொதுமக்களிடம் பரப்பியதில் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரின் பங்கு பெரிது.

சொல்லின் வேரைப் பார்த்தால் டார்வினின் தயக்கம் புரியும். லத்தீனில் 'எவால்வெரே' என்றால் சுருட்டி வைத்ததை விரிப்பது. ரோமானியர்கள் சுருள் ஏடுகளைப் பிரித்து வாசிப்பதை இந்தச் சொல்லால் குறித்தார்கள். உருட்டுவதைக் குறிக்கும் 'வால்வெரே'தான் அடிப்படை வினை. நூலின் தொகுதியைக் குறிக்கும் 'வால்யூம்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே.

இந்த வரலாறு அழகானது. ஆனால் 'ஆகவே எவல்யூஷன் என்றால் உள்ளே இருந்தது விரிவது' என்று முடிப்பதுதான் எல்லாவற்றிலும் கேடான தவறு என்பேன். சுருளில் இருப்பது முன்பே எழுதி முடிக்கப்பட்டது. விரிப்பவர் அதில் ஓர் எழுத்தைக்கூடச் சேர்ப்பதில்லை. 1744-இல் சுவிஸ் மருத்துவ அறிஞர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் கருவியலில் இந்தச் சொல்லைக் கையாண்டபோது, சரியாக இந்தப் பொருளில்தான் கையாண்டார். முழு உயிரும் மிகச் சிறிய உருவில் முன்பே உள்ளே இருக்கிறது, கரு வளர்வது என்பது அது பெரிதாவதுதான் என்பது அவர் ஆதரித்த கொள்கை. டார்வின் சொன்னது இதற்கு நேர் எதிர். வாரிசுகளிடையே சிறு வேறுபாடுகள் இருக்கின்றன. அவற்றில் அன்றைய சூழலுக்கு ஒத்தவை பெருகுகின்றன. நாளை எந்த வேறுபாடு உதவும் என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

முன்னேற்றம் என்ற எண்ணமும் இந்தச் சந்து வழியாகத்தான் நுழைகிறது. உள்ளார்ந்த முன்னேற்ற நாட்டம் எதுவும் இல்லை என்றே தாம் கருதுவதாக 1872-இல் ஆல்ஃபியஸ் ஹயட் என்ற அமெரிக்க ஆய்வாளருக்கு டார்வின் கடிதம் எழுதினார். ஆனாலும் 1965-இல் ருடால்ஃப் சாலிங்கர் வரைந்த, குனிந்த உருவங்கள் படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் ஊர்வலப் படம்தான் பலர் மனத்தில் பதிந்திருக்கிறது. சிம்பன்சி நம் பாட்டன் அல்ல, பங்காளி. இருவருக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது பல லட்சம் ஆண்டுகளுக்கு முன். அன்றிலிருந்து சிம்பன்சியின் வழியும் மாறித்தான் வந்திருக்கிறது. குகைக்குள் வாழும் சில மீன்கள் பார்வையை இழந்ததும் எவல்யூஷன்தான்; அதைப் பின்னடைவு என்று பெயரிட வேண்டியதில்லை.

'மெதுவாக' என்பதைச் சொல்லின் இலக்கணமாகவே வைத்துவிடுவது இன்னொரு தவறு. வேரில் வேகம் பற்றி ஒன்றும் இல்லை. டார்வின் சிறுகச் சிறுக நடக்கும் மாற்றத்தை வலியுறுத்தியதால் அந்த நிறம் ஏறியது. பெரும் மாற்றங்கள் பலவற்றுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆனது உண்மையே. ஆனால் 1977-இல் கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவில் கடும் வறட்சி வந்தபோது, கடினமான பெரிய விதைகளை உடைக்கக்கூடிய பெரிய அலகுள்ள குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் பெரிதானது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் குழு இதை அளந்து பதிவு செய்தது. பெனிசிலின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த 1940களிலேயே அதற்கு மசியாத கிருமிகள் மருத்துவமனைகளில் தலைகாட்டின.

'ரெவல்யூஷன்' இதன் எதிர்ச்சொல் என்பார்கள். அரசியல் பேச்சில் அப்படி நிறுத்துவது சரி. பிறப்பில் இரண்டும் 'வால்வெரே'யிலிருந்து வந்த உடன்பிறப்புகள். 1543-இல் வெளியான வானியலாளர் கோப்பர்நிக்கஸின் நூல் தலைப்பில் அந்தச் சொல் வானக் கோளங்களின் சுழற்சியைத்தான் குறித்தது. ஆட்சிக் கவிழ்ப்பு என்ற பொருள் பிறகு வலுப்பெற்றது.

கடைசியாக, உயிரியல் பொருளில் எழுதும்போது எவல்யூஷன் தனி உயிருக்கு நடப்பதாக எழுதக்கூடாது. தலைப்பிரட்டை தவளையாவது உருமாற்றம். குழந்தை பெரியவளாவது வளர்ச்சி. ஓர் ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டி மேய்ந்து தன் கழுத்தை நீட்டிக்கொண்டு, அந்த நீளத்தைக் குட்டிக்குக் கொடுப்பதில்லை. மாறுவது கூட்டம்: தலைமுறைகள் கடக்கையில் அதில் எந்த மரபுப் பண்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற கணக்கு மாறுகிறது. ஆகவே 'சிறுத்தை வேகமாக ஓடக் கற்றுக்கொண்டது' என்று எழுதாமல், 'வேகமாக ஓடிய சிறுத்தைகள் அதிகக் குட்டிகளை விட்டுச் சென்றன' என்று எழுதுங்கள்.